பதினேழாம் மாடிப் பொன்னுருக்கு

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்தின் நெருப்பு மணி வாரத்துக்கு இரண்டு தரமாவது அடிக்கும். கருவாடு பொரித்தால் அடிக்கும். சாம்பிராணி காட்டினால் அடிக்கும். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும், இருக்கிறேன் என்று காட்ட ஒருமுறை அடிக்கும். கனடாவுக்கு வந்த முதல் வருஷம் சனம் பாஸ்போட், நகை, பிள்ளை ஆகியவற்றை அதே ஒழுங்கில் தூக்கிக்கொண்டு படியால் இறங்கும். இரண்டாம் வருஷம் கதவைக் கொஞ்சம் நீக்கி மூக்கால் விசாரிக்கும். மூன்றாம் வருஷம் ரீவீச் சத்தத்தைக் கூட்டிவிடும்.

பதினேழாம் மாடியில் இருந்த சிவபாதம் வீட்டார் வந்து ஒன்பது வருஷம்.

சிவபாதம் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக். இங்கே ஒரு கார்ப் பார்க்கிங்கின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். எங்கே அறிவித்தல் ஒட்டியிருந்தாலும் நின்று கடைசி வரி வரைக்கும் வாசிப்பது அவருடைய பழக்கம். லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்பதை வாசித்து, எண்ணி, மிச்சப் பேரை இறக்கிவிட்டு, அந்த மிச்சப் பேரின் வாயிலும் விழுவார். மனைவி தவமணி டொன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. கழுவுவது, துடைப்பது, ஊட்டுவது. அவளிடம் இருந்த ஆங்கிலம் ஒரு கைப்பைக்குள் அடங்கும்; வேலைக்குத் தேவையானதெல்லாம் அதற்குள் இருந்தது. ஓப்பின், குளோஸ், ஈற், வோஷ், சொறி.

ஒரே மகன் ஜனார்த்தன். தொண்ணூற்றேழு மாசியில் அவனுக்குக் கல்யாணம். பெண் நிரூபா ஊரில் இருந்து கொழும்பு வழியாக வந்து நாலு மாதம். மோர்னிங்சைட்டில் தாய்மாமன் வீட்டில் இருந்தாள்.

கல்யாணத்துக்கு முன் பொன்னுருக்கு நடக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் பொன் கொடுக்க, சபை பார்த்திருக்க, தட்டார் அதை உருக்கி, பிறகு தாலியாக அடிப்பார். இதற்கென்று தவமணி ஊரில் இரண்டு பவுண் காசு வைத்திருந்தாள். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே எழும்பி ஓடியபோது அவளுடைய தங்கச்சி அவற்றைத் தேசிமரத்தடியில் புதைத்துவிட்டு ஓடினாள். பத்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தவள் எழுதிய கடிதத்தில் ஒரு வரிதான் முக்கியம். வளவு முழுக்கக் கிண்டிக் கிடக்கிறது, தேசிமரமும் வேரோடு சரிந்து கிடக்கிறது.

வங்கியில் பவுண் காசு வாங்கிவிடலாம் என்று சிவபாதம் கிளம்பினார். தேவையில்லை, பொன் தன்னிடம் இருக்கிறது என்றாள் தவமணி. அரிசிச் சாக்குக்குள் கைவிட்டு ஒரு பழைய புகையிலை ரின்னை எடுத்தாள். உள்ளே ஒரு பஞ்சுத் துண்டில் பாக்குச் சீவல் அளவில் ஒரு தங்கக் கட்டி. ஒரு பக்கம் வெள்ளைக்கல் ஒட்டியிருந்தது.

வேலையிடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தந்தது, அவர் வடக்கே சுரங்கப் பக்கத்து ஆள் என்று மட்டும் சொன்னாள். அவர் போன மாதம் செத்துப்போனதைச் சொல்லவில்லை.

சிவபாதம் அதைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார். அவருக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"இஞ்சை பார் தவம், காசெண்டால் அதில ராசாவின்ரை தலை இருக்கும். ஆற்றை ஆற்றையோ கை பட்டிருக்கும். உது மண்ணில இருந்து வந்தபடி கிடக்கு. ஒருதற்றை கழுத்திலயும் ஏறாத பொன்."

"ஓம்," என்றாள் தவமணி. அந்தக் கட்டியைப் பற்றி அவள் அவருக்குச் சொன்ன கடைசி உண்மையும் அதுதான்.

கொடுத்தவர் பெயர் டோபின். தொண்ணூற்றொரு வயது. அவர் தட்டுகிற ஆள். கஞ்சிக் கரண்டியால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மூன்று தரம் தட்டுவார். தவமணி அதைக் கஞ்சி கேட்கிறார் என்று விளங்கிக்கொண்டு ஊட்டினாள். மறுபடி தட்டினார், மறுபடி ஊட்டினாள். இரண்டு மாதத்தில் கிழவர் மூன்று கிலோ கூடினார். இல்லத்தில் அவளைப் பாராட்டிக் கடிதம் கொடுத்தார்கள். சிவபாதம் அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துச் சுவரில் ஒட்டினார்.

கூட வேலை செய்த ஜமேய்க்காக்காரிதான் விஷயத்தைச் சொன்னாள். அவர் கஞ்சி கேட்கவில்லை, கதவைத் திறக்கச் சொல்கிறார். அறைக் கதவைச் சாத்தினால் தட்டுவார், திறந்தால் நிறுத்துவார். அதன்பிறகு தவமணி மூன்று தட்டுக் கேட்டால் எங்கே நின்றாலும் போய்த் திறந்துவிடுவாள். இரண்டு குளிர்காலம் அப்படியே போனது. காலுக்குத் தானாகப் பழகிவிட்டது.

கதவு திறந்திருந்த நேரங்களில் கிழவர் கதை சொன்னார். அவளுக்கு ஒரு நாளைக்குப் பத்துச் சொல் விளங்கும். இரண்டு வருஷத்தில் முழுக் கதையும் வந்து சேர்ந்தது.

அவருடைய தகப்பன் கமக்காரன். ஆயிரத்துத் தொளாயிரத்து ஒன்பதில் வடக்கே, முள்ளம்பன்றியின் பெயர் வைத்த ஒரு ஏரிக்கரையில் தங்கம் கண்டார்கள் என்று பேப்பரில் போட்டார்கள். அவ்வளவுதான். கடை வைத்திருந்தவன் கடையைப் பூட்டினான், உழுதவன் கலப்பையை அப்படியே விட்டான். வள்ளத்திலும் நாய் வண்டியிலும் காட்டுக்குள் ஓடினார்கள். டோபினின் தகப்பனும் பெண்சாதி பிள்ளையோடு போய் ஒரு குழி தோண்டினான். கிணறு மாதிரி ஆழமான குழி, மேலே பலகை மூடி. இரண்டு வருஷத்தில் அதிலிருந்து வந்த பொன்னில் நல்ல துண்டு அந்த ஒரு கட்டி.

தொளாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஆடி மாதம் காடு பற்றியது. தாய் ஆறு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, தலைக்கு மேல் ஈரப் போர்வையைப் பிடித்தாள். தகப்பனும் இன்னும் ஏழு பேரும் குழிக்குள் இறங்கினார்கள். நெருப்பு நிலத்துக்குக் கீழே வராது என்பது அவர்களின் கணக்கு. மேல் மூடியை இழுத்து, நீக்கல்களில் ஈரப் போர்வை அடைத்தார்கள். கணக்குப் பிழையில்லை. நெருப்பு கீழே வரவில்லை. காற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனது.

அடுத்த நாள் திறந்தபோது எட்டுப் பேரும் குந்தியிருந்தார்களாம். ஒருவர் மேலிலும் ஒரு பொட்டுக் காயம் இல்லை. முகமெல்லாம் சிவந்து, நல்லாய்ச் சாப்பிட்டவர்கள் மாதிரி. தகப்பனின் கைக்குள் அந்தக் கட்டி.

தண்ணீருக்குள் நின்றபோது தனக்குத் தட்டுச் சத்தம் கேட்டது என்றார் கிழவர். பலகையில் மூன்று தரம். பிறகு மூன்று தரம். தாயிடம் சொன்னாராம், அது மரம் வெடிக்கிற சத்தம் என்றாளாம். எண்பத்தைந்து வருஷமாய் அவர் அந்தச் சத்தத்தைத் தானே தட்டிக்கொண்டிருந்தார்.

சாவதற்கு நாலு நாளைக்கு முன் கட்டியைத் தவமணியின் கைக்குள் வைத்துப் பொத்தினார். என்னோடு புதைக்க விடாதே, அது போதுமான அளவு நிலத்துக்குக் கீழே இருந்துவிட்டது, உயிருள்ள உடம்பில் போடு என்றார். அவருக்கு வேறு ஆட்கள் இல்லை. இல்லத்துச் சட்டப்படி ஒரு பிஸ்கட்கூட வாங்கக் கூடாது. தவமணி ஓம் என்று தலையாட்டிவிட்டாள். செத்தவரின் பொன்னைத் தாலிக்கு வைப்பதா, செத்தவருக்குக் கொடுத்த சொல்லை விடுவதா, எது மகனுக்குக் கூடாது என்பதுதான் பிறகு அவளை அரித்தது.

அரிசி புகை மணக்கத் தொடங்கியது.

சிவபாதம்தான் முதலில் சொன்னார். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையை மணந்து பார்த்து, கடைக்காரன் எரிந்த கடை அரிசியை வாங்கி விற்கிறான், சாக்கைக் கொண்டுபோய்க் குடு என்றார். இன்னொரு நாள் தவமணியை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே நின்றது. எங்கள் லிஃப்ட் நிற்பதற்கு ஆவி தேவையில்லை. ஆனால் உள்ளே ஈர விறகு மணந்தது, மேலே எங்கேயோ மூன்று தரம் தட்டியது, கதவு தானாகத் திறந்தது. அவள் பத்தாம் மாடிக்குத் தொற்றி ஏறி, மீதிப் படியெல்லாம் நடந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே குசினிக்குள் நின்றாள்.

அடுத்த நாள் வெக்ஸ்போர்ட்டில் நகைக்கடையின் பின்பக்கம் வேலை செய்யும் தட்டார் அகஸ்ரினிடம் போனாள். அகஸ்ரின் வேதக்காரர், மாதா கோயில் ஆள். ஆனால் ரொறன்ரோவில் பாதிச் சைவக் கல்யாணத்துக்கு அவர்தான் பொன்னுருக்கினார். அவளுக்கு முழுவதையும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது; சொன்னாள்.

"அண்ணை, செத்தவற்றை பொன்னைத் தாலிக்கு வைக்கலாமோ?"

அகஸ்ரின் கட்டியை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார்.

"தங்கச்சி, நான் முப்பது வருஷமாய் உருக்கிறதெல்லாம் செத்தவையின்ரைதான். பாங்கில விக்கிற காசு என்ன, நேற்றுப் பிறந்த பொன்னோ? உதுக்கெண்டாலும் ஆர் செத்தவரெண்டு தெரியுது."

"பயமாக் கிடக்கு."

"மனசோடை தந்தவரோ?"

"ஓம்."

"சாக முந்தியோ, பிந்தியோ?"

"முந்தி."

"பேந்தென்ன. கல்லை மட்டும் கழட்டவேணும். வைச்சிட்டுப் போங்கோ."

அவள் வைத்துவிட்டுப் போகவில்லை. கல்லைக் கழற்றலாமா என்று வீட்டில் கேட்டதற்குச் சிவபாதம் ஒரேயடியாய் மறுத்துவிட்டார். மண்ணில் இருந்து வந்தபடியே நெருப்புக்குள் இறங்க வேண்டும். சபை அதைக் கல்லோடு பார்க்க வேண்டும். காஸ் அடுப்பு, நெருப்பு ஊதுகிற ரோச் எதுவும் கூடாது. கரிதான். மூன்று தலைமுறையாய் அவர்கள் வீட்டில் கரியில்தான்.

கரி வாங்குவது கஷ்டமில்லை. கோடையில் பார்க்கில் இறைச்சி வாட்டுகிற கரி, பை பையாய் இருக்கிறது. பையின் முதுகில் சிவப்பில் பெரிதாய் ஏதோ எழுதியிருந்தது. அகஸ்ரின் அதைச் சுட்டிக் காட்டினார். சிவபாதம், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அறிவித்தலை வாசிக்காமல் விட்டார்.

"உது வெள்ளையளுக்கு எழுதினது, அண்ணை. அவைக்குக் கரி தெரியாது."

புகைதான் பிரச்சினை. அதற்கும் எங்கள் கட்டடத்தில் வழி இருந்தது. சமைக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். கூரையில் ஒட்டியிருந்த புகை மணியின் வெள்ளை வட்டத்துக்குக் குளிக்கிற தொப்பி மாட்டினார்கள். நடைபாதைக்குப் புகை போனால் கட்டட மணி அடிக்கும் என்று முன்கதவின் கீழ் நீக்கலில் ஈரத் துவாய் அடைத்தார்கள். பல்கனிக் கதவைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துக் கிழவி நெருப்பு வண்டிக்குப் போன் அடிப்பாள். அதோடு வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஆகவே அதையும் இழுத்துப் பூட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பத்தில் இருந்து பதினொன்று நாற்பது வரைக்கும் சுபநேரம். இரண்டு அறை வீட்டில் இருபத்து மூன்று பேர். நிறைகுடம், குத்துவிளக்கு, மஞ்சள் பிள்ளையார். ஒரு மூலையில் பயத்தம் பணியாரமும் சீனி அரியதரமும் பெரிய தட்டங்களில். பக்கத்து வீட்டு அன்ரனெற், மன்னார்க்காரி, விடியவே வந்து பாயாசம் காய்ச்சினாள். மோர்னிங்சைட்டில் இருந்து பெண்ணின் மாமனும் மாமியும் வந்தார்கள். முறைப்படி நிரூபா வரவில்லை.

சிவபாதம் கட்டியைத் தட்டில் வைத்துச் சபைக்குக் காட்டினார். ஒரு சின்னப் பேச்சும் பேசினார். கனடாவின் மண், யாழ்ப்பாணத்தின் முறை என்று தொடங்கி, அந்தக் குளிர்காலம் ரொறன்ரோவில் எல்லாரும் வாங்கிக்கொண்டிருந்த தங்கச் சுரங்கப் பங்குகளுக்கும் ஒரு குத்து விட்டு, பொன் என்பது கையில் பிடித்துப் பார்க்க வேண்டியது என்று முடித்தார். பெண்ணின் மாமன் அண்மையில்தான் பங்கு வாங்கியிருந்தார், அவர் சிரிக்கவில்லை.

அகஸ்ரின் சட்டிக் கரியை ஊதுகுழலால் ஊதினார். ஒருவர் கண்ணிலும் படாத மாதிரி நெஞ்சில் சிலுவை போட்டார். கட்டியை மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்தில் இட்டு, வெண்காரம் தூவிக் கரிக்குள் இறக்கினார்.

கல்லோடு கிடந்ததால் பொன் இளகவில்லை. அரை மணித்தியாலம் போனது. இன்னொரு சட்டிக் கரி போட்டார்கள். முதலில் தலையிடிக்கிறது என்று சொன்னது அன்ரனெற். விடியவே எழும்பினதால்தான் என்று சொல்லிப் பாயாசக் கரண்டியோடு கதிரையில் சாய்ந்தாள். பெண்ணின் மாமன் கொட்டாவி விட்டார். அதைப் பார்த்து மூன்று பேர் விட்டார்கள். சிவபாதம் அடுத்த முறையை விளங்கப்படுத்தத் தொடங்கி வசனத்தின் நடுவில் நித்திரையானார். அவர் வசனத்தை முடிக்காமல் விட்டது பெரிய அதிசயம். ஆனால் ஒருவருக்கும் அதிசயப்படத் தென்பிருக்கவில்லை.

மணவறையில் இருக்கிறவன் மாதிரி நடுவில் சப்பாணி கட்டி இருந்த ஜனார்த்தனைப் பெண்ணின் மாமி பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்குக் கல்யாணக்களை வந்திட்டுது. முகத்தைப் பாருங்கோ, என்ன சிவப்பு."

தவமணி பார்த்தாள். நல்லாய்ச் சாப்பிட்டவன் மாதிரி இருந்தான். அவளுக்கு அந்த முகம் தெரியும், எங்கே பார்த்தது என்றுதான் வரவில்லை. தலைக்குள் பஞ்சு அடைந்திருந்தது. குத்துவிளக்கைப் பார்த்தாள். முன்கதவைப் பார்த்தாள். கதவின் காலடியில் ஈரத் துவாய்.

மூசைக்குள் தட்டியது. டக், டக், டக்.

அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற பகுதி ஏற்கெனவே நித்திரை. இரண்டு குளிர்காலம் பழகிய கால் எழும்பிப் போனது. ஒரு தரம் சுவரில் மோதினாள், ஒருவரின் மடியை மிதித்தாள், பூட்டை நிமிர்த்திப் பல்கனிக் கதவை இழுத்தாள்.

மைனஸ் இருபத்திரண்டு உள்ளே வந்தது. குத்துவிளக்கு அணைந்தது. சிவபாதம் கண்ணைத் திறந்து, "மூடு தவம், சுபநேரம்" என்றார்.

ஜனார்த்தன் இருந்தபடியே பக்கத்தில் சரிந்தான்.

அவன் கையைப் பிடித்து அவள் இழுத்தாள். அவன் எழுபத்தாறு கிலோ. அவள் தினமும் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள். அவனைப் பனிக்குள் கிடத்திக் கன்னத்தில் அறைந்தாள். திரும்பிப் போய் முன்கதவின் துவாயைக் காலால் தள்ளித் திறந்தாள். புகை நடைபாதைக்குப் போனது. கட்டட மணி அடித்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அது காரணத்தோடு அடித்தது. ஆகவே ஒருவரும் வெளியே வரவில்லை. பதினெட்டாம் மாடியில் யாரோ ரீவீச் சத்தத்தைக் கூட்டினார்கள்.

நெருப்பு வண்டிக்காரர் வந்து காற்றை அளந்தார்கள். அவர்களில் பெரியவர் கரிச்சட்டியைப் பார்த்தார், கூரைத் தொப்பியைப் பார்த்தார், இருபத்து மூன்று பேரைப் பார்த்தார். பிறகு நீளமாய்ப் பேசினார். என்ன சொல்கிறார் என்று எல்லாரும் கேட்க, சிவபாதம் சுருக்கமாய், "இன்னும் பத்து நிமிஷம் எண்டு சொல்லுறார்" என்றார். பத்து நிமிஷத்தில் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. எட்டுப் பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்ணின் மாமன் மூச்சு மூடியைக் கொஞ்சம் விலக்கி, கதவு திறந்தது பதினொன்று இருபதுக்கு, ஆகவே பொன்னுருக்கு நேரத்துக்குள் முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னார்.

ஜனார்த்தன் பின்னேரம் கண் திறந்தான்.

சிவபாதம் வீட்டுக்கு வந்து கரிப் பையின் முதுகை வாசித்தார். கடைசி வரி வரைக்கும். பிறகு பையைக் கவனமாய் நாலாய் மடித்து, பாஸ்போட்டுகள் வைக்கிற பெட்டிக்குள் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை தவமணி மறுபடி வெக்ஸ்போர்ட்டுக்குப் போனாள். அகஸ்ரின் இன்னும் இருமிக்கொண்டிருந்தார். அன்றைக்கு எல்லாரும் விழுந்து கிடந்தபோது அவர் ஒருவர்தான் குறட்டால் மூசையைப் பிடித்தபடி பல்கனியில் இருந்து ஓங்காளித்துச் சத்தியெடுத்தவர். பொன் உருண்டையாய் வந்திருந்தது. கல் இல்லை.

"அண்ணை, உது வேண்டாம். நான் வேறை காசு வாங்கித் தாறன். உதைக் கொண்டுபோய் அந்த மனுசன்ரை புதைகுழியிலயே வைக்கப்போறன்."

"ஏன்?"

"தட்டினதைக் கேட்டனீங்கள்தானே."

"கல்லு வெடிச்சது, தங்கச்சி. வெள்ளைக்கல்லு சூட்டுக்கு வெடிக்கும்."

"மூண்டு தரமோ?"

அகஸ்ரின் உருண்டையைத் தராசில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சரி, அந்த மனுசனெண்டே வைப்பம். தட்டினது கொல்லவோ, எழுப்பவோ?"

தவமணி வாசல் பக்கம் திரும்பினாள். கடைக் கண்ணாடிக்கு வெளியே லோறன்ஸ் வீதியில் பனி அள்ளுகிற வண்டி போய், திரும்பி, மறுபடி போனது.

"அடியுங்கோ," என்றாள்.

கல்யாணம் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. தாலி ஏறுகிற நேரம் தவமணி மகனின் முகத்தைப் பார்க்கவில்லை, மண்டபக் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலும் திறந்திருந்தன. சனம் குளிரில் கோட்டுகளோடு அட்சதை போட்டது.

மூன்றாம் நாள் விடிய அவள் வேலைக்குப் போக எழும்பியபோது வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. பல்கனிக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. பக்கத்தில் ஜனார்த்தனின் பெரிய கோட்டைப் போர்த்திக்கொண்டு நிரூபா கதிரையில் இருந்தாள். தாலியைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தாள்.

"குறை நினையாதேங்கோ மாமி. எனக்குப் பூட்டின வீட்டுக்குள்ள படுக்கேலாது."

தவமணி நின்றாள்.

"ஊரில செல்லடி நேரம் அப்பா பங்கர் வாயைச் சாக்கு வைச்சு அடைச்சவர். புகை வரக்கூடாதெண்டு. அண்டைக்குத் தொடக்கம் இப்பிடித்தான். இஞ்சை வந்து நிண்டிட்டுது. இப்ப ரெண்டு நாளாய்த் திருப்பி..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மாமிக்குப் புகை மணக்கேல்லையோ?"

"அப்பாவுக்கு என்ன நடந்தது பிள்ளை?"

"எங்களை வெளியில தள்ளி விட்டவர். அவர் வரேல்லை."

தவமணி குசினிக்குள் போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தவில்லை. மாமா ஹீற்றர் வீணாகிறது என்று ஏசுவாரே என்றாள் நிரூபா. ஏசட்டும் என்றாள் தவமணி. இரண்டு பேரும் குளிரைப் பார்த்தபடி இருந்தார்கள். தேத்தண்ணி சீக்கிரம் ஆறியது.

நிரூபா சீனியைக் கலக்கினாள். ஒட்டின துளி விழட்டும் என்று கரண்டியைக் கோப்பை விளிம்பில் தட்டினாள். மூன்று தரம்.

தவமணி எழும்பிப் போய் முன்கதவையும் திறந்து வைத்தாள்.